ஏழாவது ஊகம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை ஈவாஞ்சலின் பழைய துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது, பந்தலில் நின்ற தம்பி ஷாமின் போன் அடித்தது. காலையிலிருந்து மூன்றாவது முறை. எடுத்துப் பார்த்தவன் தெருவில் இறங்கி, பக்கத்து வீட்டுச் சுவரோரம் போய் நின்று பேசினான். துக்க வீட்டில் மகன் போன் பேசுவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியூர்க்காரர் யாரோ வழி கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஈவாஞ்சலின் கையில் மட்டும் துண்டு அப்படியே நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியை மட்டும் துடைப்பது எப்படி என்று நேற்று மத்தியானத்திலிருந்து அவள் பழகி வைத்திருந்தாள்.

பேசி முடித்த ஷாம் வீட்டுக்குள் வராமல் பக்கச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனான். போகும்போது ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் எழுந்து போனாள்.

பின்கட்டில் வாடகை அண்டாவில் கடுங்காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. காப்பி போடுகிறவர் டம்ளர் எடுக்கப் போயிருந்தார்.

"நாலு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம்," என்றான் ஷாம். "நாளையிலேருந்து கிறிஸ்துமஸ் லீவு. ரிப்போர்ட் இன்னைக்கே ஜப்பானுக்குப் போகணுமாம்."

"அப்பா செத்துக் கெடக்காருன்னு சொன்னியால?"

"சொன்னேன். விசாரிக்கிற அந்த ஆபீஸ் பொம்பள ரொம்ப வருத்தப்பட்டா. பொறவு மறுபடியும் அதே கேள்வியத்தான் கேட்டா. 'ஹார்பர் அண்ணாச்சி யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?'"

தெரியாமல் என்ன. ஹார்பர் அண்ணாச்சி முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

ஏசுவடியான் முப்பத்து நான்கு வருஷம் தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு அவரைப் பிடித்துக்கொண்டது வீடியோ கேம். விளையாடுவதில்லை. ஒரு முறை ஷாம் கையில் கொடுத்துப் பார்த்தான். ஐந்து நிமிஷத்தில் கட்டைவிரல் வலிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்குப் பிடித்தது ஊகிப்பது. டோமாரி என்று ஒரு ஜப்பான் கம்பெனி. அது வருகிற வருஷம் என்னென்ன கேமை அறிவிக்கப் போகிறது என்று ஒவ்வொரு டிசம்பர் இருபதாம் தேதியும் பத்து ஊகங்களை எழுதி, ஹார்பர் அண்ணாச்சி என்ற பெயரில் இணையத்தில் போடுவார். அதற்கு வருஷம் முழுக்க வேலை செய்வார். டோமாரி எந்த ஊரில் யாரை வேலைக்குத் தேடுகிறது, எந்தப் பெயரைப் பதிவு செய்திருக்கிறது, எந்த இசைக்காரர் ஆறு மாதமாகச் சத்தமில்லாமல் இருக்கிறார் என்று நீலக் கோடு போட்ட நோட்டில் குறித்துக்கொண்டே வருவார். கப்பல் தண்ணீரில் எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்று பார்த்தால் போதும், மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பார். போன வருஷம் பத்தில் ஏழு சரியாக இருந்தது. ஹார்பர் அண்ணாச்சிக்குப் பதினோராயிரம் பேர் பின்னால் இருந்தார்கள். பிரேசில், போலந்து என்று எங்கெங்கோ இருந்து எழுதும் அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் அண்ணாச்சிக்கு அறுபத்தாறு வயது என்றோ, சர்க்கரை இருக்கிறது என்றோ தெரியாது.

ஆரம்பத்தில் ஷாமுக்கு இது சிரிப்பாக இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்து பிரவுசிங் சென்டரில் டோமாரியின் 'ஆஷ்மூர்' ஆடிக்கொண்டிருந்தவனைக் காதைப் பிடித்து இழுத்து வந்த அதே அப்பா. ஆனால் போன ஏப்ரலில், சென்னையில் ஷாம் வேலை பார்க்கும் கம்பெனிக்கே டோமாரியின் வேலை வந்தது. வெளிவராத கேமை ஆடிப் பார்த்துக் குறை சொல்வதுதான் அவன் தொழில். வாயைத் திறக்க மாட்டேன் என்று பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்; ஷாம் அதில் ஒருவன். அப்பாவிடம் சொன்னான், இனிமேல் என்னிடம் டோமாரி பற்றி ஒன்றும் கேட்காதீர்கள் என்று. நான் எப்போதாவது கேட்டேனா என்று அப்பா திருப்பிக் கேட்டார்.

இந்த வருஷப் பட்டியலில் ஏழாவது ஊகம்: ஆஷ்மூர் மூன்றாம் பாகம், செப்டம்பர் பதினேழு.

பன்னிரண்டு வருஷமாக யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத கேம். கம்பெனிக்குள் மட்டும் தெரிந்த தேதி, அதுவும் சரி. இருபதாம் தேதி சாயங்காலம் போட்ட பட்டியல் மறுநாள் காலை ஜப்பானுக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு பேரின் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் அறையில் உட்காரவைத்து விசாரித்தார்கள். ஹார்பர், அண்ணாச்சி என்ற பெயரை வைத்துத் தூத்துக்குடிக்காரனைத் தேடினார்கள்; அந்தப் பன்னிரண்டு பேரில் ஷாம் ஒருவன்தான் இருந்தான். நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு போனைத் திருப்பிக் கொடுத்தபோது, அக்காவிடமிருந்து பதினெட்டு அழைப்புகள் தவறியிருந்தன. ஓடிப்போய் முத்துநகர் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டியில் தொற்றிக்கொண்டு இன்று காலை வந்து இறங்கினான். வந்ததிலிருந்து ஐஸ் பெட்டியின் கால்மாட்டுக்கு மேல் அவன் வரவில்லை. அழவும் இல்லை.

"என்ன சொல்லப் போற?" என்று கேட்டாள் ஈவாஞ்சலின்.

"நடந்ததச் சொல்லப் போறேன். யாரோ லேப்டாப்பப் பாத்திருக்கலாம்னு காலையிலயே சொல்லி வச்சிருக்கேன். நவம்பர்ல இங்க வந்தப்போ லேப்டாப் மேசையில தொறந்து கெடந்துது. நான் குளிக்கப் போயிட்டேன். அப்பா பாத்துட்டாரு. எனக்குத் தெரியாது. அவ்ளோதான்."

"பாத்தாரா?"

"வேற எப்படிக்கா? ஊகம்னா கேமச் சொல்லலாம். தேதிய யாரு ஊகிப்பா?" குரலை இறக்கினான். "இப்படிச் சொன்னா எழுதி வாங்கிட்டு விட்டுருவாங்களாம். இல்லன்னா வேல போச்சு. வேல மட்டும் இல்ல, இந்தத் தொழில்லயே எவனும் எடுக்க மாட்டான். அவரு மேல இனிமே கேஸா போட முடியும்? அவரு புத்தி இப்படிப் போகும்னு நான் நெனக்கல. அவரால அவரையே கடைசியா ஒரு தடவ உசிரோட பாக்க முடியாமப் போச்சு எனக்கு."

காப்பிக்காரர் டம்ளர்களோடு வந்துவிட்டார். சொல்ல வேண்டியது ஈவாஞ்சலினிடம் இருந்தது. அதைச் சொல்லாமலே, கோழை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

ஏனென்றால் அந்தப் பட்டியலைப் போட்டது அப்பா இல்லை. அவள்தான்.

இருபதாம் தேதி சாயங்காலம் ஏசுவடியான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தார். முந்தின நாள்தான் நெஞ்சு வலி. ஷாம் பயந்துவிடுவான், கண் விழித்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் அம்மா ஜெயபாயும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் போன் அவள் கையில் இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு முறை அதிர்ந்தது. அண்ணாச்சி, லிஸ்ட் எங்கே? அண்ணாச்சி, இன்று இருபது. அம்மா அந்த நோட்டைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பைபிளும் நோட்டும் எடுத்து வந்தவள், மாற்று வேட்டியை மறந்துவிட்டாள்.

"கண்ணு முழிச்சதும் மொத அதத்தான் கேப்பாரு. நீ போட்டுரு ஏளா," என்றாள் ஜெயபாய்.

ஈவாஞ்சலின் நோட்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். ஆறு முடிந்தது. ஏழாவது வரி அடிக்கப்பட்டிருந்தது.

"இத அடிச்சிருக்காரும்மா."

ஜெயபாய் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். "இது நம்ம ஷாமுக்க கேமுல்லா? ஆஷ்மூரு. நான் தெனமும் பேரச் சொல்லி ஜெபிக்கேன்லா. இத எதுக்கு அடிச்சாரு? கை நடுங்கிருக்கும். சேத்துப் போடு. பத்து வேணும்லா."

பத்து வேண்டும் என்பது ஈவாஞ்சலினுக்கும் சரியென்றே பட்டது. ஒவ்வொரு வருஷமும் பத்து. ஒன்பது போட்டால் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஆகிவிடும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவளுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. பத்தும் போட்டாள். அப்பா கண் விழிக்கவே இல்லை.

நோட்டு இப்போது அவள் கைப்பையில், படுக்கையறை ஆணியில் தொங்கியது.

மூன்று மணிக்குச் சவப்பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் சுந்தர்சிங், அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நேற்றிலிருந்து கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவது முதல் பந்தலுக்கு நாற்காலி எண்ணி வாங்குவது வரை அவர்தான் பார்த்துக்கொண்டார். வாசலில் தொங்கிய கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டதும் அவர்தான். பெட்டியை ஸ்டூலில் இறக்கி வைத்துவிட்டு, ஷாமின் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். ஈவாஞ்சலின் நிலைப்படியில் நின்றாள்.

"ஒங்கப்பாவுக்கு ஒரு வெளையாட்டு உண்டுடே," என்றார். "கப்பல் வெளிய நங்கூரம் போட்டு நிக்கும்போதே எத்தன டன் எறங்கும்னு நாங்க அஞ்சாறு பேரு ஊகிப்போம். கிட்டத்துல சொன்னவனுக்கு மத்தவங்க வடை வாங்கிக் கொடுக்கணும். மேனிஃபெஸ்ட்னு ஒரு காயிதம் வரும், சரக்கு வெவரம் பூரா அதுல இருக்கும். அதப் பாத்தவன் அன்னைக்கு வெளையாட்டுல சேரக் கூடாது. அதுதான் சட்டம். சட்டம் போட்டது ஒங்கப்பாதான்."

ஷாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நா ஆபீசர் மேசையில அந்தக் காயிதம் தொறந்து கெடந்துருக்கு. இவரு கண்ணுல பட்டுட்டு. ஒரு ஈ காக்கா பாக்கல. அவரா வந்து, 'ஏலே, நான் பாத்துட்டேன், இன்னைக்கு நான் இல்ல'ன்னு சொல்லிட்டு அங்கன போயி தனியா உக்காந்துட்டாரு." சுந்தர்சிங் லேசாகச் சிரித்தார். "ஆனா எங்க வடையில ஒண்ண எடுத்துத் தின்னுட்டாரு. அது வேற விசயம்."

"அது அப்போ மாமா," என்றான் ஷாம். "மனுசன் அப்படியேவா இருக்கான்."

சுந்தர்சிங் அவனை ஒரு மாதிரி பார்த்தார். அப்பா செத்த வீட்டில் இப்படி ஒரு பேச்சை அவர் எதிர்பார்க்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார். ஈவாஞ்சலின் தம்பியைப் பார்த்தாள். சந்தேகம் இப்போதே இப்படிப் பேச வைக்கிறது. இன்று அவன் அதை ஒரு முறை வாயால் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவன் சாகிற வரை அப்பா திருடிய அப்பாதான். ஜப்பானில் ஒரு கோப்பிலும் அப்படித்தான் இருக்கும்.

உண்மையைச் சொன்னால்? போட்டது அக்கா, போடச் சொன்னது அம்மா. அம்மாவுக்கு விஷயம் எங்கிருந்து வந்தது என்றால் ஷாம்தான் மாட்டுவான். வேலையும் போய்விடும்.

"ஏளா ஈவா." சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்த ஜெயபாய் கையை நீட்டினாள். "தம்பிக்கு ஆபீஸ்லேருந்து ஓயாம போன் வருதே, என்னவாம்?"

"துக்கம் விசாரிக்காங்கம்மா."

"நல்ல ஆள்க." அம்மாவின் கண்கள் வீங்கிப் போயிருந்தன. "அக்டோபர்ல போன் பண்ணி, 'செப்டம்பர் பதினேழுக்குள்ள ஆஷ்மூர முடிக்கணும்மா, ரொம்ப பாரமா இருக்கு, ஜெபிங்க'ன்னு சொன்னான். அன்னைலேருந்து ஒரு நா விடல. அப்பாவும் நானும் சாயங்காலம் முழங்கால் போட்டா மொத அதுதான். பேரும் தேதியும் சொல்லி ஜெபிச்சாத்தானே ஜெபம். பொத்தாம் பொதுவா சொன்னா ஆண்டவருக்கு என்னன்னு தெரியும்?"

ஈவாஞ்சலின் அம்மாவின் கையை விட்டுவிட்டு எழுந்தாள். படுக்கையறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்து தாழ் போட்டாள்.

நோட்டைப் புரட்டினாள். டிசம்பர் பக்கம். ஆஸ்பத்திரி வெளிச்சத்தில் அவசரத்தில் தட்டியபோது வரிகளை மட்டும்தான் பார்த்திருந்தாள். அடித்த ஏழாவது வரிக்குக் கீழே, அப்பா பென்சிலில் பொடியாக எழுதியிருந்தார்.

'ஜெபத்தில் கேட்டது. ஊகம் இல்லை. போடக் கூடாது. வேறு ஏழாவது யோசிக்கணும்.'

அதற்குக் கீழே மூன்று முயற்சிகள். மூன்றையும் எழுதி, பிடிக்காமல் அடித்திருந்தார். கடைசியில் தேதி பதினெட்டு. மறுநாள் நெஞ்சு வலி வந்தது.

வாளியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் வராமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டாள். அப்பாவின் கடைசிக் கவலை வேறு ஒரு ஏழாவது ஊகம். அதையும் கெடுத்து, தம்பியை இரண்டு நாள் சென்னையில் கட்டிப்போட்டு, அப்பா உயிரோடு இருக்கும்போது அவனைப் பார்க்கவிடாமல் செய்தது அவள். வேலைக்கு உலை வைத்ததும் அவள். இதில் நாலு மணி வரை சும்மா இருந்தால் அப்பாவின் பெயரும் போய்விடும். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். கூடத்துக் கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

ஷாம் பின்கட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சொல்லப் போவதை உதடுகள் ஒத்திகை பார்த்தன.

"போட்டது நான்தான்ல," என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"இருவதாந் தேதி. அப்பாவுக்கு நெனவே இல்ல. அம்மா சேத்துப் போடச் சொன்னா, நான் போட்டேன். அவரு அத அடிச்சு வச்சிருந்தாரு. நான்தான் பாத்துப் போடல." நோட்டை நீட்டினாள். "காலையிலேயே சொல்லிருக்கணும். பயந்துட்டேன்."

ஷாம் வாங்கிப் படித்தான். ஒரு முறை படித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து படித்தான். பென்சில் எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்தான். முகத்தில் கோபம் வந்தது; அவள் அடி விழும் என்றே நினைத்து நின்றாள். ஆனால் கோபம் அவள் பக்கம் வரவில்லை.

"ஜெபத்துல," என்றான். "நான்தான் சொன்னேன். அம்மாட்ட. மறந்தே போச்சு." சுவரில் சாய்ந்தான். "எல்லாத்துக்கும் ஜெபிக்கச் சொல்லிச் சொல்லி, அது ஒரு ரகசியம்னே தோணல."

முன்பக்கம் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அடக்க ஆராதனை நடத்தச் சேகரகுரு வந்துவிட்டார். நாற்காலிகள் நகர்ந்தன.

போன் அடித்தது.

"நான் பேசுதேன்," என்று கை நீட்டினாள் ஈவாஞ்சலின். "நான் போட்டேன்னு சொல்லுதேன். ஒனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லுதேன்."

"எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

"லேப்டாப்ப நான் பாத்தேன்னு..."

"சும்மா இரு அக்கா."

அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். மறுமுனையில் அந்தப் பெண் மறுபடியும் ஒரு வருத்தம் தெரிவித்தாள். அவள் குரலில் பொய் இல்லை. பிறகு கேட்டாள்.

"அந்த அக்கவுண்ட் யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா, மிஸ்டர் ஷாம்?"

"தெரியும். எங்கப்பாவோடது."

ஈவாஞ்சலின் அவன் கையைப் பிடித்தாள்.

"இறந்து போனாங்களே, அவங்களா?"

"ஆமா. ஆனா அந்த ஏழாவது அவரு போட்டது இல்ல. அவருக்கு அது தெரியும். தெரிஞ்சதால அடிச்சு வச்சிருந்தாரு. அவரு ஆஸ்பத்திரில இருந்தப்போ வீட்டுல தெரியாம சேத்துப் போட்டுட்டாங்க."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சது?"

"நான் சொன்னேன். எங்கம்மாகிட்ட. அக்டோபர்ல."

கீபோர்டில் தட்டுகிற சத்தம் நின்றது. "மிஸ்டர் ஷாம், இதை நான் ரிப்போர்ட்ல எழுதணும். புரியுதா? காலையில நீங்க வேற மாதிரி சொன்னீங்க. யாரோ உங்க லேப்டாப்பைப் பாத்திருக்கலாம்னு."

"அது பொய். யாரும் பாக்கல."

"எதுக்காகச் சொன்னீங்க அம்மாகிட்ட?"

"ஜெபிக்கச் சொல்லி."

முன்பக்கம் பாட்டு தொடங்கிவிட்டது; பெண்கள் குரல் முந்தியும் ஆண்கள் குரல் பிந்தியும் வந்தது. அது போனிலும் கேட்டிருக்க வேண்டும்.

"இதை நீங்க எழுதி அனுப்பணும்," என்றாள் அந்தப் பெண் கடைசியில். "விளைவு என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அடக்கம் முடிஞ்சதும் அனுப்புறேன்."

போனை அணைத்து ஜன்னல் திண்டில் வைத்தான். ஈவாஞ்சலின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் நோட்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்," என்றான். "எப்பவுமே."

உள்ளே போனார்கள். சுந்தர்சிங்கும் இன்னும் நாலு பேரும் ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கி, ஏசுவடியானைப் புதுப் பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, வேட்டி. சேகரகுரு கையில் ஆராதனைப் புத்தகத்தோடு நின்றார். ஜெயபாயை இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஷாமுக்குக் கால்மாட்டில் இடம் விட்டு ஒதுங்கினார்கள். அவன் அங்கே நிற்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனான். குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா."

"என்னல?"

"சீப்பு எடு."

"இப்ப எதுக்கு?"

"அப்பாவுக்கு வகிடு இந்தப் பக்கம் இல்ல. ஆஸ்பத்திரில மாத்தி சீவிருக்காங்க."

ஈவாஞ்சலின் நேற்றிலிருந்து முதல் முறையாக அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஆமாம், வலது பக்கம் வகிடு எடுத்திருந்தது. ஒரு நாள் முழுக்க எத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்; ஒருவருக்கும் தெரியவில்லை.

சேகரகுரு திறந்த புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டார். அவள் கொண்டுவந்த சீப்பை ஷாம் வாங்கினான். ஐஸில் கிடந்த முடி விறைத்துப் போய்ச் சீப்புக்குப் படியவில்லை. அவன் உள்ளங்கையை நெற்றிக்கு மேல் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு இடது பக்கம் வகிடு பிரித்தான்.

மூடியைத் தூக்கிக்கொண்டு வந்த சுந்தர்சிங் அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.